மலை தாங்கும் எண் எது? நீலகிரிச் சுற்றுலாவும் அமைப்பு இயக்கவியல் மாதிரியும்

கேட்கப்பட்ட கேள்வி இது: நீடித்த சுற்றுலாவைத் திட்டமிட அமைப்பு இயக்கவியல், அதாவது சிஸ்டம் டைனமிக்ஸ் மாதிரி உண்மையில் எந்த வகையில் உதவும்? ஓர் ஊரின் தாங்குதிறனைக் கணக்கிட்டு, நாளொன்றுக்கு இத்தனை பேர் அல்லது இத்தனை வாகனங்கள் என்று வரம்பு வைத்துவிட்டால் போதாதா?

சுருக்கமான விடை, போதாது என்பதே. வரம்பு தேவையற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வரம்பாக வைக்கப்படும் எண் பெரும்பாலும் தவறான அளவின் மீது வைக்கப்படுகிறது. சரியான அளவின் மீது வைக்கப்பட்டாலும் அந்த எண் நிலையாக நிற்பதில்லை. இவ்விரண்டையும் தெளிவாகக் காட்டுவதுதான் இந்த மாதிரியின் முதன்மைப் பயன். பொதுப்படையாகப் பேசினால் இந்தத் துறை வெறும் அம்புக்குறிகளாக முடிந்துவிடும் என்பதால், நம் கண்ணெதிரே இருக்கும் நீலகிரியையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதலில் முறையைப் பற்றிச் சிறிது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜே ஃபாரஸ்டர் 1950களின் இறுதியில் இதை உருவாக்கினார். ஆலைகளில் சரக்கும் ஆட்களும் ஏன் மாறி மாறி மிகுந்தும் குறைந்தும் போகின்றன என்ற கேள்வியில் தொடங்கி, 1960களின் இறுதியில் நகரங்களுக்கும், 1970களின் தொடக்கத்தில் உலக மக்கள்தொகைக்கும் இயற்கை வளங்களுக்கும் அது விரிந்தது. இதன் அடிப்படைக் கூறுகள் நான்கே. ஒரு கணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணக்கூடியது இருப்பு. அந்த இருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓட்டம். இருப்பின் அளவே திரும்பி வந்து ஓட்டத்தை மாற்றுவது பின்னூட்டம். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் கழியும் காலம் தாமதம். உதகமண்டலத்துக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலி அணையில் இன்று உள்ள நீர் ஓர் இருப்பு. மழையால் வந்து சேர்வதும் நகரம் எடுத்துக்கொள்வதும் ஓட்டங்கள். நீர் குறைந்ததும் நகராட்சி விநியோக நாட்களைக் குறைத்தால் அது பின்னூட்டம். குறைக்க வேண்டும் என்று உணர்வதற்கும் உண்மையில் குறைப்பதற்கும் இடையே கழியும் வாரங்கள் தாமதம். சுற்றுலா மாதிரி என்பது இத்தகைய பல இருப்புகளை ஒன்றோடொன்று கோத்து, கணினியில் காலத்தை முன்னோக்கி நகர்த்திப் பார்ப்பதுதான்.

இப்போது நீலகிரிக்கு வருவோம். சீசன் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் மலையேறுகின்றன என்ற விவரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. எவ்வளவு வாகனங்களை இந்த மலைகள் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. முதலாண்டு இ-பாஸ் வெறும் கணக்கெடுப்பாகவே இருந்தது. விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்கு நீதிமன்றம் எண்ணிக்கையையும் வகுத்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இது பொருந்தவில்லை.

இந்த எண்களை ஒரு மாதிரியாளர் எப்படிப் படிப்பார்? வாரத்தில் ஐந்து நாட்கள் 6,000, இரண்டு நாட்கள் 8,000 என்றால் வாரத்துக்கு 46,000 வாகனங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை சரியாக 13 வாரங்கள். ஆகவே வரம்பு முழுவதும் நிரம்பினால் ஏறக்குறைய 6 லட்சம் வாகனங்கள். இது நுழையும் ஓட்டம் மட்டுமே. மலையின் மீது அழுத்தும் சுமையோ ஓர் இருப்பு: இந்த நேரத்தில் எத்தனை பேர் மேலே இருக்கிறார்கள், எத்தனை வண்டிகள் நிற்க இடம் தேடுகின்றன, எத்தனை குழாய்கள் திறந்திருக்கின்றன என்பதே அது. ஓட்டத்தை இருப்பாக மாற்றுவது தங்கும் காலம். கணக்குக்காக ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், 6,000 வண்டிகளில் 24,000 பேர் வருவார்கள். சராசரியாக ஒரு நாள் தங்கினால் மலையில் இருப்பவர்கள் 24,000. இரண்டு நாட்கள் என்றால் 48,000. மூன்று நாட்கள் என்றால் 72,000. அந்தக் கடைசி எண், 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. நுழைவு வரம்பு மூன்று நிலைகளிலும் ஒன்றேதான். சுமையோ மூன்று மடங்கு வேறுபடுகிறது.

இந்தப் பெருக்கலை வெளிப்படையாகச் செய்து காட்டிய இடம் பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு. கழிவுநீர் கடலில் கலந்ததால் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்கு அந்தத் தீவே சுற்றுலாவுக்கு மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது அரசு இரண்டு எண்களைச் சேர்த்தே அறிவித்தது: ஒரே நேரத்தில் தீவில் இருக்கக்கூடிய பயணிகள் 19,215, நாளொன்றுக்கு வரக்கூடியவர்கள் 6,405. இரண்டாவதை மூன்றால் பெருக்கினால் முதலாவது கிடைக்கும். அதாவது சராசரித் தங்கல் மூன்று நாட்கள் என்ற எடுகோள் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தங்கல் நான்கு நாட்களானால் வருகை வரம்பு 4,800 அளவுக்கு இறங்க வேண்டும் என்பதை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் இ-பாஸ் படிவத்திலும் எத்தனை பேர், எத்தனை நாட்கள், எங்கே தங்கல் என்பவை கேட்கப்படுகின்றன. அந்த விவரத்திலிருந்து மலையில் இருப்போர் எண்ணிக்கையை நாள்தோறும் கணித்து வெளியிட முடியும். வாகன எண்ணிக்கையை மட்டும் செய்தியாக்குவது கையில் இருக்கும் நல்ல தரவை வீணடிப்பதாகும் என்பது என் கருத்து.

இன்னொரு நுணுக்கமும் இதில் உண்டு. காலையில் வந்து மாலையில் இறங்குபவரும் இரவு தங்குபவரும் வெவ்வேறு வகைச் சுமை. முன்னவர் சாலையையும் வண்டி நிறுத்துமிடத்தையும் குப்பைத்தொட்டியையும் நிரப்புகிறார். பின்னவர் நீரையும் கழிவுநீர்க் குழாயையும். தங்கும் நாட்களைக் கூட்டினால் ஒரு பயணியிடமிருந்து ஊருக்கு வருமானம் அதிகம் என்று சுற்றுலாத் துறைகள் உலகெங்கும் சொல்கின்றன. சாலை நெரிசலைப் பொறுத்தவரை அது நல்ல யோசனை. கோடைக் குடிநீரைப் பொறுத்தவரை அது நேர் எதிரான யோசனை. இரண்டையும் ஒரே ‘பயணிகள்’ என்ற இருப்புக்குள் அடைக்கும் மாதிரி இந்த முரணைக் காட்டாது. ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு இருப்புகளாகப் பிரித்துவிடுவது நல்லது.

அடுத்து, எண் ஏன் நிலையாக நிற்பதில்லை என்பது. இங்குதான் பின்னூட்டச் சுழல்கள் வருகின்றன. பயணிகள் வருகிறார்கள், அறைகள் நிரம்புகின்றன, வாடகை ஏறுகிறது, லாபத்தைக் கண்டு புதிய லாட்ஜுகளும் காட்டேஜுகளும் எழுகின்றன, அறை தாராளமாகக் கிடைப்பதும் விளம்பரமும் மேலும் பயணிகளை அழைக்கின்றன. இது தன்னைத் தானே வளர்க்கும் சுழல். இதற்கு எதிராக நெரிசல், தண்ணீர்ப் பற்றாக்குறை, குப்பை ஆகியவை ஊரின் பெயரைக் கெடுத்து வருகையைக் குறைக்க வேண்டும். இது சமன் செய்யும் சுழல். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் ஊர் ஏதோ ஓர் அளவில் நிலைகொள்ளும். ஆனால் முதல் சுழல் வேகமானது, இரண்டாவது மந்தமானது. ஊட்டியின் பெயர் இரண்டு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. ஒரு மே மாதத்தில் குன்னூர் சாலையில் நான்கு மணி நேரம் நின்றவர் அதை ஓரிரு ஆண்டுகளில் குறைத்துவிட முடியாது. அவர் அடுத்த முறை வராவிட்டாலும், முதன்முறை வருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் புறப்படுகிறார்கள். ரிச்சர்ட் பட்லர் 1980இல் சுற்றுலாத் தலங்களுக்கு வகுத்த வாழ்க்கைச் சுழற்சி, வளர்ச்சிக்குப் பின் தேக்கம் வரும் என்று காட்டுகிறது. தேக்கம் வருவதற்கு முன் ஊர் எவ்வளவு தூரம் தன் எல்லையைத் தாண்டிப் போய்விடும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தாமதங்கள்தாம். அந்தத் தூரத்தைத்தான் மாதிரி கணக்கிட முயல்கிறது.

அறைகளின் இருப்பைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் மலைவாழிடங்களின் போக்கை நிர்ணயிப்பது பயணிகளைக் காட்டிலும் அறைகளே என்று நான் கருதுகிறேன். ஒரு மாதிரிக் கணக்கு: ஊரில் 1,000 அறைகள், சீசனில் தேவை 1,300. குறை 300 அறைகள். இதைக் கண்ட இருபது பேர் தனித்தனியே ஆளுக்கு 30 அறைகள் கட்டத் தொடங்குகிறார்கள். மற்றவர் கட்டுவது எவருக்கும் முழுமையாகத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து 600 அறைகள் சேர்ந்து 1,600 ஆகின்றன. தேவை அதே 1,300 என்றால் 300 அறைகள் சீசனிலேயே காலி; மற்ற மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். வங்கிக் கடன் தவணை நிற்காது. எனவே வாடகை குறைக்கப்படுகிறது. குறைந்த வாடகை, முன்பு வராதவர்களையும் வரவழைக்கிறது. தேவை 1,600ஐ நோக்கி ஏறுகிறது. கட்டடத்தின் இருப்பில் சேரும் ஓட்டம் வேகமாகவும், கழியும் ஓட்டம் கிட்டத்தட்டச் சுழியாகவும் இருப்பதால், ஒருமுறை ஏறிய இருப்பு இறங்குவதில்லை. அதுமட்டுமின்றி, அந்த அறைகளின் உரிமையாளர்களும் அங்கே வேலை செய்பவர்களும் வருகை வரம்பைத் தளர்த்தக் கோரும் நியாயமான தரப்பாகிறார்கள். 2025இல் வரம்பு அறிவிக்கப்பட்டதும் நீலகிரியில் வணிகர்கள் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தது இந்தச் சுழலின் இயல்பான வெளிப்பாடு. அவர்களைக் குறுகிய நோக்குடையோர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மாதிரிக்குள் அவர்கள் செயல் முற்றிலும் பகுத்தறிவுக்கு உட்பட்டது. வரம்புக்கு மேல் அறைகளைக் கட்ட அனுமதித்துவிட்டு வருகையை மட்டும் குறைப்பது, ஒரே அரசு ஒரே மக்களுக்கு எதிரெதிரான இரண்டு வாக்குறுதிகளை அளிப்பதற்கு ஒப்பாகும்.

கட்டடத்தின் இருப்பு எவ்வளவு மீளாதது என்பதற்குச் சீகூர் யானை வழித்தடம் ஒரு சான்று. வழித்தடத்தில் எழுந்த ரிசார்ட்டுகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அங்கே ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது. 2020 அக்டோபரில்தான் அதே நீதிமன்றம் வழித்தட அறிவிக்கையை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. ஓரிரு ஆண்டுகளில் கட்டப்படுவதைக் கழிக்க ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. மாதிரியில் இந்த இரண்டு காலங்களையும் உள்ளிட்டவுடனே, கட்டட அனுமதிதான் நெம்புகோல் என்பது எந்த வரைபடமும் இல்லாமல் விளங்கிவிடும்.

நீரின் பக்கம் வேறு விதமான சிக்கல். நீலகிரியின் சீசன் ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் பெறுகிறது. மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். அதாவது அணைகளின் இருப்பு ஆண்டிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் வாரங்களில் நுகர்வோர் எண்ணிக்கை மிக உயர்ந்திருக்கிறது. ஆண்டுச் சராசரியை எடுத்துப் பார்த்தால் நீலகிரியில் நீர்ப் பஞ்சமே இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த மாவட்டம் அது. ஆண்டுக்கு ஒரு படியாகக் காலத்தை நகர்த்தும் மாதிரியில் இந்தப் பற்றாக்குறை மறைந்தே போகும். மாதத்துக்கு ஒரு படி வைத்தால்தான் தெரியும். மறுபுறம், சாலை நெரிசல் மணிக்கணக்கில் உருவாகி மறைவது. அறைகளின் பெருக்கம் பத்தாண்டுகளில் நிகழ்வது. எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் திணிக்க முயல்வது, அனுபவமுள்ளவர்களும் எளிதில் விழும் ஆசை. அதன் விளைவாகச் சுவர் முழுவதும் ஒட்டப்பட்டு, வரைந்தவருக்கே புரியாத இடியாப்பச் சிக்கலான படங்களை அரசு அலுவலகங்களில் காணலாம். நெரிசலுக்குத் தனி மாதிரியும், நீருக்கும் அறைகளுக்கும் வாழ்வாதாரத்துக்கும் மாத அளவில் இன்னொரு மாதிரியும் வைத்துக்கொள்வதே முறை.

வரம்பு எண் மாறக்கூடியது என்பதற்கு நல்ல திசையிலும் சான்று உண்டு. நீலகிரி மாவட்ட நிர்வாகம் 2000ஆம் ஆண்டையொட்டியே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. மாநிலம் முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1இல்தான் வந்தது. குப்பையின் இருப்பில் சேரும் ஓட்டம் என்பது ஆட்களின் எண்ணிக்கையை ஆளுக்கு விழும் குப்பையால் பெருக்கியது. இரண்டாவது காரணி குறைந்தால் அதே குப்பைக் கிடங்கு அதிகப் பேரைத் தாங்கும். ஊட்டி ஏரிக்கும் இதே கணக்கு: 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்ட அந்த ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் நகரின் கழிவையும் வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கால்வாயில் வருவதைச் சுத்திகரித்தால், பயணிகளின் எண்ணிக்கையைத் தொடாமலே ஏரியின் தாங்குதிறன் கூடும். எனவே தாங்குதிறன் என்பது மலையின் பிறவிக் குணம் போல ஒரு முறை அளந்து எழுதிவைக்கக்கூடியதன்று. குழாய், சுத்திகரிப்பு நிலையம், பேருந்து, பழக்கம் ஆகியவற்றோடு ஆண்டுக்கு ஆண்டு கணக்கிடப்பட வேண்டியது. ஆனால் எச்சரிக்கை ஒன்று: தாங்குதிறனைக் கூட்டினால் நெரிசலின் சமன் செய்யும் சுழல் தளர்கிறது, வருகை கூடுகிறது, சில ஆண்டுகளில் பழைய அழுத்தம் அதிக எண்ணிக்கையோடு திரும்புகிறது. சாலை அகலப்படுத்தும் திட்டங்களுக்கு இது அப்படியே பொருந்தும். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளை எவ்வளவு அகலமாக்கினாலும், மேலே உள்ள ஊரின் தெருக்கள் அகலமாவதில்லை. சரிவு வெட்டப்படுவது மட்டும் கூடுகிறது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவுகளுக்குப் பிறகு, சரிவு வெட்டுவதை ஒரு சாலைச் செலவாக மட்டும் எந்த மாதிரியும் கணக்கில் கொள்ளக் கூடாது.

கொள்கைகளை மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். எதிர்காலத்தில் 2035இல் ஊட்டிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னறிவிப்பதற்காக இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு இது ஏற்றதன்று. ஒரே தொடக்க நிலையிலிருந்து வெவ்வேறு முடிவுகளை எடுத்தால் கோடுகள் எவ்வாறு பிரிகின்றன என்று ஒப்பிடுவதற்கே பயன்படுத்த வேண்டும். வாகன வரம்பு மட்டும் வைத்த நிலையில், சுழல்களின் அமைப்பிலிருந்தே மூன்று விளைவுகளை எதிர்பார்க்கலாம். வரம்புள்ள மாதங்களிலிருந்து வரம்பற்ற மாதங்களுக்கு வருகை இடம்பெயரும். இது ஓரளவு நன்மையே. சிறிய வண்டிகளுக்குப் பதிலாகப் பெரிய வேன்கள் வரும். வண்டிகள் குறைந்தும் ஆட்கள் குறையாமல் இருக்கும். மூன்றாவதாக, வயநாடு, கூர்க், ஏற்காடு, வால்பாறை போன்ற அண்டை மலைகளுக்கு அழுத்தம் போகும். இந்த மூன்றாவது விளைவு நீலகிரியை மட்டும் எல்லையாகக் கொண்ட மாதிரியில் தெரியவே தெரியாது. அங்கே வரம்பு ஒரு வெற்றியாக மட்டுமே பதிவாகும். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்திலோ 46 கிலோமீட்டர் மலை ரயிலிலோ ஏறச் செய்வது ஆளுக்கும் வண்டிக்கும் உள்ள கண்ணியை அறுக்கிறது. சாலைக்கு மிக நல்லது, தண்ணீருக்கு எந்த மாற்றமும் இல்லை. அணை இருப்போடு வரம்பைப் பிணைப்பது, அதாவது மார்ச் இறுதியில் நீர் இத்தனை அடிக்குக் கீழ் இருந்தால் ஏப்ரல், மே மாத இரவுத் தங்கல் அனுமதி தானாகவே இத்தனை விழுக்காடு குறையும் என்று முன்கூட்டியே அறிவிப்பது, எனக்குத் தெரிந்தவரை இங்கே யாரும் உரக்கப் பேசாத ஒரு தெரிவு. அதில் அரசியல் சங்கடம் உண்டு. ஆனால் நெருக்கடி வந்தபின் தண்ணீர் லாரிகளைத் தேடுவதைக் காட்டிலும், விடுதியாளர்கள் முன்பே திட்டமிட அது இடம் தருகிறது.

மாதிரியின் எல்லையை எங்கே வரைவது என்பது மிக முக்கியமான கேள்வி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுற்றுலாவைப் பற்றிய மாதிரி என்றதும் பயணிகள், அறைகள், வருமானம், மாசு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். நீலகிரியில் அப்படி நின்றால் பெரிய காரணம் ஒன்று வெளியே விடுபட்டுவிடும்: பச்சைத் தேயிலை விலை. 1990களின் இறுதியில் அந்த விலை சரிந்ததிலிருந்து சிறு விவசாயிகளின் நிலை பழைய உறுதியை அடையவில்லை. கிலோ பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலியையும் உரச் செலவையும் தாண்டாத ஆண்டுகளில், அரை ஏக்கர் தோட்டத்தை விற்பதோ அதில் இரண்டு அறை காட்டேஜ் கட்டுவதோ குடும்பத்துக்குக் கிடைக்கும் மிக நியாயமான வழியாகிறது. பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்ட நிலையில், நிலத்தை வைத்திருக்கும் காரணமும் குறைகிறது. ஆகவே அறைகளின் இருப்புக்குள் வரும் ஓட்டம் பயணிகளின் தேவையால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. தேயிலை ஏல மையத்திலிருந்தும் ஒரு குழாய் அதற்குள் வருகிறது. இதை மாதிரியில் சேர்த்தவுடன், குறைந்தபட்ச ஆதரவு விலை, கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் நிலை ஆகியவையும் சுற்றுலாக் கொள்கையின் கருவிகளாகின்றன. சுற்றுலாத் துறையும் வேளாண் துறையும் ஒரே மேசையில் அமராத வரை இந்தக் கண்ணியை எவரும் பார்க்கப் போவதில்லை. மாதிரி கட்டும் பயிற்சியின் உண்மையான பலன் பெரும்பாலும் இப்படிப்பட்ட அமர்வுகளில்தான் கிடைக்கிறது. கணினி ஓட்டம் அதற்குப் பின்பு வருவது.

அந்த அமர்வில் யார் இருக்க வேண்டும்? விடுதி உரிமையாளர், நகராட்சிக் குடிநீர்ப் பொறியாளர், டாக்ஸி ஓட்டுநர், தோட்டத் தொழிலாளர், படுகர் ஊர்களின் பெரியவர்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் உள்ளிட்ட பழங்குடியினர், வனத்துறையினர். பல ஆய்வுகளில் உள்ளூர் மக்கள் ‘சகிப்புத்தன்மை’ என்ற ஒரே இருப்பாகச் சுருக்கப்பட்டு, பயணிகள் கூடக் கூட அது குறைவதாகக் காட்டப்படுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. லாட்ஜில் வேலை செய்பவரின் வருமானமும், வாடகை ஏறியதால் ஊருக்கு வெளியே குடிபோனவரின் இழப்பும், தன் குடியிருப்பான மந்தினை ஒட்டிய புல்வெளி ஒளிப்படக் களமாக மாறியதைப் பார்க்கும் தோடரின் நிலையும் ஒரே அளவுகோலில் அடங்குபவை அல்ல. எண்ணால் அளக்க முடியாததை மாதிரிக்கு வெளியே வைத்து, அதை வெளியே வைத்திருக்கிறோம் என்று அறிக்கையில் எழுதிவிடுவதே நேர்மை.

கட்டிய மாதிரியை நம்பலாமா என்று சோதிக்க நீலகிரியிடம் ஓர் அரிய வாய்ப்பு உண்டு. கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் இறுதியிலிருந்து பல மாதங்கள் சுற்றுலா வருகை ஏறத்தாழ முற்றிலும் நின்றது. மாதிரியில் வருகையை அந்த மாதங்களுக்குச் சுழியாக்கிப் பாருங்கள். நீர் நுகர்வு உடனே இறங்க வேண்டும். குப்பைச் சேர்க்கை இறங்க வேண்டும். அறைகளின் எண்ணிக்கை அப்படியே நிற்க வேண்டும். கடன் சுமை ஏற வேண்டும். தடை நீங்கியதும் அடங்கியிருந்த தேவை ஒருசேர வர வேண்டும். இவற்றில் ஏதேனும் தலைகீழாக வந்தால் சமன்பாட்டில் பிழை இருக்கிறது. அலகுகள் இருபுறமும் ஒத்துவருகின்றனவா, எந்த இருப்பாவது சுழிக்குக் கீழே போகிறதா என்பனவும் அடிப்படைச் சோதனைகள். அணையில் எதிர்ம அளவு நீர் இருப்பதாகக் காட்டும் மாதிரிகளும் அச்சேறுவது உண்டு.

இந்த முறைக்குக் கைவராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எந்தச் சரிவு சரியும், எந்த வளைவில் நெரிசல் தொடங்கும், யானைக் கூட்டம் எந்த வேலியைச் சுற்றிப் போகும் என்பன இடம் சார்ந்த கேள்விகள். அவற்றுக்கு நிலவரைபடத் தரவும், தனித்தனி முகவர்களின், அதாவது ஒவ்வோர் ஆள், வண்டி, விலங்கின் நடத்தையைப் போலச் செய்யும் வேறு வகை மாதிரிகளும் தேவை. அனுமதியின்றி எழும் காட்டேஜுகள் எந்தப் பதிவேட்டிலும் இராது என்பதால், அறைகளின் இருப்பு பற்றிய அரசுக் கணக்கை அப்படியே உள்ளிட்டால் மாதிரி முதல் நாளிலேயே தவறும். மின் இணைப்புகளின் எண்ணிக்கை, இணையவழி முன்பதிவுத் தளங்களில் காணப்படும் அறைகள், இ-பாஸில் பதிவாகும் தங்குமிட முகவரிகள் ஆகியவற்றைக் கொண்டு அதைத் திருத்தலாம்.

நீங்களே தொடங்க விரும்பினால், விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. இன்சைட் மேக்கர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வென்சிம் மென்பொருளின் கற்போருக்கான பதிப்பும் அவ்வாறே. பைத்தான் அறிந்தவர்களுக்குத் தனி நூலகம் உண்டு. ஐம்பது மாறிகளோடு தொடங்க வேண்டாம். மலையில் தங்கியிருக்கும் பயணிகள், அறைகள், அணை நீர் என மூன்று இருப்புகள். மாதத்துக்கு ஒரு படி. இருபது ஆண்டு ஓட்டம். அறை கட்ட இரண்டு ஆண்டுத் தாமதத்தை இடுங்கள். முதலில் எந்த வரம்பும் இல்லாமல் ஓட்டுங்கள். பின்பு முதல் ஆண்டிலேயே வருகை வரம்பு வைத்து ஒரு முறையும், அதற்குப் பதிலாக அறை அனுமதியை நிறுத்தி ஒரு முறையும் ஓட்டுங்கள். மூன்று ஓட்டங்களிலும் இருபது மே மாதங்களின் அணை நீரை மட்டும் ஒரே தாளில் வரையுங்கள். வருகை வரம்பின் கோடு முதல் சில ஆண்டுகளில் மேலே நிற்கும். அறை வரம்பின் கோட்டில் தொடக்கத்தில் மாற்றமே தெரியாது, ஏற்கனவே அனுமதி பெற்ற கட்டடங்கள் முடியும் வரை அது பழைய பாதையிலேயே இறங்கும். இனி, வருகை வரம்பை ஐந்தாம் ஆண்டில் எதிர்ப்புக்குப் பணிந்து பாதியளவு தளர்த்துவதாக வைத்து மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு கோடுகளும் எந்த ஆண்டில் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவது தங்கும் நாட்களா, கட்டும் காலமா, ஆளுக்கான நீர் அளவா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எது அதிகம் நகர்த்துகிறதோ, அதற்கான தரவைத்தான் முதலில் சேகரிக்க வேண்டும்.